எட்டத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று

நோர்வேயில், பேர்கன் நகரத் தெருவில் நான் கமராவைக் கண்ணுக்கு உயர்த்தினால் போதும், எதிரே வருகிறவர்கள் சட்டென்று நின்றுவிடுவார்கள். நான் எடுப்பது ஏதோ ஒரு மரத்தையோ மழையில் நனைந்த கதவையோ என்று தெரிந்தாலும் நிற்பார்கள். சிலர் குனிந்துகொண்டு ஓடிக் கடப்பார்கள். ஒருமுறை நாயோடு வந்த முதியவர் ஒருவர், நாயையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, நான் எடுத்து முடிக்கும்வரை மழையில் நின்றார். பிறகு "உன்ஷில்" என்று என்னிடமே மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். நீங்களும் நாயும் படத்துக்குள்ளே வந்திருந்தால் அது இன்னும் நல்ல படமாக இருந்திருக்கும் என்று சொல்ல அப்போது என்னிடம் நோர்வே மொழி போதவில்லை. இலங்கையில், எங்கள் வன்னியில் நடப்பது வேறு. ஒட்டுசுட்டான் சந்தியில் கமராவை வெளியே எடுத்துப் பாருங்கள். தம் பாட்டில் போய்க்கொண்டிருந்தவர்களும் திரும்பி வந்து முன்னால் நிற்பார்கள். சேட்டுப் பொத்தானைப் பூட்டுவார்கள், சைக்கிளையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்துவார்கள். இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே கமரா சரிவராது என்பது என்னுடைய அபிப்பிராயம். அதனால் என்னிடம் இரண்டு இருக்கின்றன.

இரண்டுமே ஜக்கெற் பைக்குள் அடங்குகிற சின்ன டிஜிற்றல் கமராக்கள். பேர்கனில் நான் பஸ் ஓட்டுகிறேன். கடைசித் தரிப்பிடத்தில் கிடைக்கிற சிறிய ஓய்வில் எடுத்துப் படம் பிடித்துவிட்டு வைக்க, கழுத்தில் தொங்குகிற பெரிய கமரா ஒத்துவராது. முதலாவதை எட்டத்துக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தினால் ஆமை கழுத்தை நீட்டுவது போல அதன் லென்ஸ் நீண்டுகொண்டே வரும். கடலுக்கு அந்தக் கரையில் இருக்கிற பறவையின் கால் நிறத்தையும் காட்டும். ஆனால் அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். பொழுது மங்கிய பிறகு தூரத்தை இழுத்தால் படம் முழுக்க ரவை கொட்டியது மாதிரிப் பொரிபொரியாக வரும். வன்னிப் புழுதியும் ஆகாது, நீண்ட கழுத்து உள்ளே போகும்போது தூசையும் கூட்டிக்கொண்டு போகும். மற்றது கிட்டத்துக்காரி. அவளுக்குக் கழுத்து நீளாது. பெரிதாக வேண்டுமா, நீதான் நடந்து கிட்டப் போக வேண்டும். ஆனால் பரந்து பார்ப்பாள், மங்கல் வெளிச்சத்திலும் தெளிவாகப் பார்ப்பாள். கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் இல்லாததால், உச்சி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

முன்பு என்னைக் கேட்டிருந்தால் எட்டத்துக்காரிதான் கெட்டிக்காரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு படமெடுக்க வருகிற நோர்வேக்காரரும் அதையே சொல்வார்கள். ஒரு பறவை, அதைச் சுற்றி வெறும் சாம்பல் வானம், வேறு ஒன்றும் இல்லை. அதுதான் அவர்களுக்கு நல்ல படம். கிட்டத்துக்காரியை நான் வாங்கியதே தமிழ் ஆட்களின் பிறந்தநாள் விழாக்களுக்காகத்தான். மண்டபத்தில் வெளிச்சம் இருக்காது, ஆனால் கேக்குக்குப் பின்னால் முழுக் குடும்பமும் நிற்கும், ஒருவரையும் விடக்கூடாது.

என் அக்கா ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிறாள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி வந்து வெட்டித் திருத்திய காணி அது. அத்தான் காலமான பிறகும் அவள்தான் செய்கிறாள். பிள்ளைகள் வவுனியாவில் வேலை. போன வருடம் அக்கா போனில் தன்னுடைய படம் ஒன்று அனுப்பியிருந்தாள். அதை என் பக்கத்து வீட்டு இங்ரிட்டுக்குக் காட்டினேன். இங்ரிட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வீடு, தண்ணீர்த் தாங்கி, மோட்டார் சைக்கிள், மா மரம், படுத்திருக்கிற நாய், எல்லாம் இருந்தன. இது எதனுடைய படம் என்று கேட்டாள். அக்காவுடையது என்றேன். அப்போதுதான் மா மரத்தடியில் விரல் நகம் அளவில் நிற்கிற அக்காவைக் கண்டுபிடித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, ஏன் இவ்வளவு தூரத்தில் நிற்கிறாள், உங்கள் இரண்டு பேருக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று எனக்கும் அக்காமேல் கொஞ்சம் எரிச்சல்தான், முகத்தைப் பார்க்கலாம் என்றால் தண்ணீர்த் தாங்கியை அனுப்பியிருக்கிறாளே என்று.

இந்த வருடம் தை மாதம் ஊருக்குப் போனபோது இரண்டு கமராவையும் கொண்டுபோனேன். காலபோக நெல் கதிர் முற்றி நிற்கிற நேரம். அக்கா முகம் வாடியிருந்தது. யானை. போன போகத்திலும் வந்து பாதி வயலை உழக்கிவிட்டுப் போனது. இப்போது ஊருக்கு மின்சார யானை வேலி போடப் போகிறார்கள், ஆனால் அந்த வேலி குளக்கரைப் பக்கமாக வந்து அக்காவின் வயலுக்கு முன்னாலேயே முடிகிறது. யானை குளக்கரையால்தான் வருகிறது என்று அவர்களின் வரைபடம் சொல்கிறது. அக்காவோ தன் வயலுக்குப் பின்பக்கத்தால் வருகிறது என்கிறாள். வேலி பின்பக்கத்துக்கும் நீளாவிட்டால் அடுத்த போகம் விதைப்பதில்லை, வவுனியாவுக்குப் பிள்ளைகளிடம் போய்விடுவது என்று முடிவெடுத்திருந்தாள். அக்கா ஒரு நகரத்து வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையில் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மூன்று நாட்களில் வேலிக்குப் பொறுப்பான அதிகாரி வருகிறார், அவருக்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்றாள். இவ்வளவுதானே, நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். பேர்கனில் கடல் தாண்டிப் பறவை எடுக்கிறவளுக்கு யானை ஒரு பெரிய காரியமா?

சொன்னபடி எடுத்தேன். அடுத்த நாள் பின்னேரம், காவல் கொட்டிலில் ஏறிக் காத்திருந்தேன். பொழுது சாய முன்னமே பற்றைக்குள்ளிருந்து ஒற்றை யானை வெளியே வந்தது. எட்டத்துக்காரி கழுத்தை முழுக்க நீட்டினாள். கண்ணிமை மயிர் தெரிந்தது, காதில் பழைய கிழியல் தெரிந்தது, தும்பிக்கையில் ஒட்டியிருந்த சேறும் மஞ்சள் வெயிலில் மின்னியது. இப்படி ஒரு படம் என் வாழ்க்கையில் எடுத்ததில்லை. அக்கம்பக்கத்தவர்கள் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். இரவே அது எல்லார் போனுக்கும் போய்விட்டது. என் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகளுக்கும் அனுப்பிப் பாராட்டு வாங்கிக்கொண்டேன்.

அதிகாரி வந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், மரியாதையான ஆள். படத்தை மெச்சினார், தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"படம் திறமான படம் அக்கா. ஆனா இது எந்த இடத்து ஆனை?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. படத்தைத் திரும்பவும் பார்த்தேன். யானை இருந்தது, நாலு இலை இருந்தது. அக்காவின் வயல் இல்லை, வரம்பு இல்லை, வாய்க்கால் இல்லை. அது எந்தக் காட்டு யானையாகவும் இருக்கலாம். இப்படி அழகான யானைகள் தனக்கு எல்லா ஊரிலிருந்தும் வருகின்றன என்று அவர் பக்குவமாகச் சொன்னார். அது எங்கிருந்து இறங்குகிறது, எதைத் தாண்டுகிறது என்று, வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய ஏதாவதோடு சேர்த்து எடுத்துத் தாருங்கள், நாளை மத்தியானம் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். யானையை வெட்டி எடுத்துப் பெரிதாக்கியதில் ஊரையே வெளியே போட்டுவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு என்மேல் நல்ல கோபம் வந்தது.

விடியற்காலையில் கிட்டத்துக்காரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை, எட்டத்துக்காரிக்கு அந்த வெளிச்சம் காணாது. மண்வெட்டியோடு அக்காவும் வந்தாள். இரவு யானை திரும்பவும் வந்திருந்தது. வரம்பு உடைந்து, காலடிகள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கி நின்றது. இந்தக் கமராவோடு கிட்டப் போகத்தான் வேண்டும், அதனால் காலடி காலடியாகப் பின்னால் நடந்தேன். வயல் முடிந்து, எல்லைக்கல்லைத் தாண்டி, நாயுண்ணிப் பற்றைக்குள் ஒரு வாசல் மாதிரித் திறந்திருந்த வழியில் போய் நின்றேன். உள்ளே புல் மடிந்து, மண் அமுங்கி, இலத்தி குவியலாகக் கிடந்தது. யானை இந்த வழியாக வெறுமனே கடந்து போகவில்லை. பகலில் இங்கேதான் தங்கி நிற்கிறது. எல்லைக்கல், உடைந்த வரம்பு, பற்றை வாசல், ஓரத்தில் அக்கா, பின்னால் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி, எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் எடுத்தேன். அந்த எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் என்னுடைய காணி.

அப்பா இரண்டாகப் பிரித்து, முன்பக்கத்தை அக்காவுக்கும் பின்பக்கத்தை எனக்கும் சீதனமாகத் தந்தது அது. நான் நோர்வேக்குப் போனேன், பிறகு சண்டை வந்தது, ஊரே எழும்பிப் போய்த் திரும்பி வந்தது. அக்கா தன் பங்கை வெட்டித் துப்புரவாக்கினாள். என் பங்கு காடு பற்றிவிட்டது. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் அப்படி ஒரு துண்டு நிலம் எங்கோ இருக்கும். ஒருநாள் போய் வீடு கட்டுவோம் என்று பனி வழிக்கிற காலையில் நினைத்துக்கொள்வீர்கள், நானும் நினைத்திருக்கிறேன். பேர்கனில் இருப்பது வாடகை வீடு. அந்தக் காணியை வைத்துக்கொண்டுதான் நான் அங்கே தலை நிமிர்ந்து திரிந்தேன், பொய் சொல்வானேன்.

குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டே அக்கா கமராத் திரையைப் பார்த்தாள். பார்த்த உடனே அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்குத்தான் ஒரு மிடறு குடித்த பிறகு விளங்கியது. வேலி இரண்டு காணியையும் சுற்றி வர வேண்டும் என்பதுதான் அக்காவின் திட்டம். அதனால்தான் அதிகாரியிடம் பின்பக்கம், பின்பக்கம் என்று மட்டும் சொல்லி வந்திருக்கிறாள். யானை தங்குகிற இடத்தை உள்ளே வைத்து யாரும் வேலி போடமாட்டார்கள். இந்தப் படத்தைக் கண்டால் வேலி எங்கள் இரண்டு காணிக்கும் நடுவால்தான் வரும், என் காணி வெளியே யானையோடு போய்விடும்.

"உந்தப் படத்தைக் குடுக்காதை" என்றாள் அக்கா.

வேறு என்னத்தைக் கொடுப்பது என்று கேட்டேன். பற்றையை ஆள் பிடித்து வெட்டிவிட்டுப் பிறகு கேட்போம் என்றாள். வெட்டி முடிய மாரி வந்துவிடும், வேலிக்காரர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், அடுத்த போகமும் போய்விடும் என்றேன். அவள் கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ திரும்பி வந்தா எங்க இருப்பாய்? நான் என்ர வயலைப் பாத்தா, உன்ர இடத்தை ஆர் பாக்கிறது?"

இந்தக் கேள்வியை அவள் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. நான் வருவேன் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் தடுமாறவில்லை. வருவேனோ மாட்டேனோ என்பது எனக்கே தெரியாத கதை, அக்காவின் வயல் கண்ணுக்கு முன்னால் நிற்கிற கதை. மத்தியானம் அதிகாரி வந்தபோது நானே படத்தைக் காட்டினேன். அவர் திரையை விரலால் நகர்த்தி, கல்லைப் பார்த்தார், தாங்கியைப் பார்த்தார், தன் வரைபடத்தை விரித்து வைத்து ஒத்துப் பார்த்தார். இந்தப் பின்காணி ஆருடையது என்று கேட்டார். அக்கா வாய் திறக்க முன்னம் என்னுடையது என்றேன். சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன், கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. இரவு எனக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்து, பேசாமலே பரிமாறினாள்.

நான் வெளிக்கிடுகிற கிழமை வேலிக் கம்பம் நடுவதற்குக் கயிறு பிடித்தார்கள். எல்லைக்கல்லிலிருந்து கல்லுக்கு நீலக் கயிறு இழுபட்டு நின்றது. போவதற்கு முன் அக்காவை முழு வயலோடும் ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டேன். கிட்டத்துக்காரியில் எல்லாம் அடங்க வேண்டும் என்றால் நாம்தான் பின்னுக்குப் போக வேண்டும். பின்னுக்குப் போனேன். தாங்கி வந்தது, இன்னும் பின்னுக்குப் போனேன், மா மரமும் வந்தது. கயிற்றைத் தாண்டியதைக் கவனிக்கவில்லை. உச்சி வெயில், திரையில் ஒன்றும் தெரியவில்லை. கையைக் குடையாகப் பிடித்துப் பார்த்தபோது வீடு, வயல், கயிறு, நடுவில் இடுப்பில் கை வைத்தபடி விரல் நகம் அளவில் அக்கா, எல்லாம் உள்ளே இருந்தன. அமுக்கினேன். பின்னால் பற்றைக்குள் ஏதோ கிளை முறிகிற சத்தம் கேட்டது.

"எடுத்தது காணும்" என்று அக்கா அங்கிருந்து கூப்பிட்டாள், இத்தனை நாளுக்குப் பிறகு முதல் வார்த்தையாக. "அது ஆனை நிக்கிற இடம். கெதியா உள்ளுக்கு வா."

உலகத்தில் என் பெயரில் இருக்கிற ஒரே மண்ணில் நின்றுகொண்டு, "ஓம், வாறன்" என்றேன்.