தூக்கு வளையம் வரை உயரம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நாங்கள் குடியேறிய எட்மண்டனில் மின்மாற்றிகள் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் நானும் அண்ணையும் வேலை செய்தோம். அவர் கீழே, செப்புக் கம்பிச் சுருள் சுற்றும் பிரிவில். நான் மேல்மாடியில், வரைபட மேசையில். இடையில் பதினான்கு இரும்புப் படிகள். அவர் சொல்லி வைத்ததால்தான் எனக்கு அங்கே நேர்முகமே கிடைத்தது.

ஒரு மாரிகாலக் காலையில் முகாமையாளர் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். சுருள் பிரிவை முழுதாகச் சீனாவுக்குக் கொண்டுபோகும் முடிவு ஏறத்தாழ எடுத்தாயிற்று என்றார். தென்கரை நகரங்கள் இரண்டின் அபிவிருத்தி வலயங்கள் விபரப் புத்தகங்கள் அனுப்பியிருந்தன. நான் செய்ய வேண்டியவை மூன்று: இரண்டையும் ஒப்பிட்டு அட்டவணை போடுவது, இயந்திரங்களின் அளவும் எடையும் எடுப்பது, அறிவிப்பு வரும்வரை வாய் திறக்காமல் இருப்பது. மூன்றாவதற்கு மட்டும் கையெழுத்து வாங்கினார்.

புத்தகங்களில் கண்ணுக்கு எட்டியவரை சமப்படுத்திய செம்மண். நடுவே ஒரு வாகனமும் இல்லாத அகலமான வீதி, இருபுறமும் விளக்குக் கம்பங்கள். ஏழு இணைப்பும் ஒரு சமதளமும் தருவதாக எழுதியிருந்தார்கள்: வீதி, மின்சாரம், குடிநீர், கழிவுநீர், தொலைபேசி, எரிவாயு, நீராவி, பிறகு மட்டப்படுத்திய நிலம். அந்நிய முதலீட்டுக்கு இலாபம் வந்த முதல் இரண்டு ஆண்டுகள் வரி இல்லை, அடுத்த மூன்றில் பாதி வரி. நான் ஃபாக்ஸில் அனுப்பிய எல்லாக் கேள்விகளுக்கும் இரண்டு வலயங்களும் 'ஆம்' என்றே பதில் எழுதின. யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாமல் படித்தவளுக்கு அந்த 'ஆம்' போதவில்லை. போன மாதம் எத்தனை மணிநேரம் ஜெனரேட்டர் ஓடியது என்று மறுபடி கேட்டேன். ஒரு வலயம் பதிலே அனுப்பவில்லை. மற்றது நாள்வாரியாக எழுதி அனுப்பியது. அதற்கே கூடிய புள்ளி போட்டேன். வேலையைத் திருத்தமாகச் செய்திருந்தேன். 

அதே வாரம் அண்ணைக்குப் பஸ் டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. சாரதிப் பயிற்சிக்கு இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். ஒரு வருடத்துக்கு முன் விண்ணப்பித்திருந்தார். அண்ணி போகச் சொன்னார். அண்ணை சிரித்தார்.

"எங்கட இடத்திலை ஏதோ பெருப்பிக்கிற வேலை நடக்குது. பிள்ளையை ஒவ்வொரு நாளும் உள்ளுக்குக் கூப்பிடுறாங்கள். நான் ஏன் இப்ப பஸ் ஓட்டுவான்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். 'பஸ்ஸும் நல்ல வேலைதான்' என்று மட்டும் சொன்னேன். இதற்குமேல் சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அவருடையது போகும், டிப்போ இடமும் போகும்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் அளவெடுக்கக் கீழே இறங்கினேன். பன்னிரண்டு இயந்திரங்கள், பன்னிரண்டு பேர். அவர்களில் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கோண்டாவில்காரர் ஒருவர் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்று பார்த்தார். "இஞ்சினியர் பிள்ளை மிசினுக்குச் சட்டை தைக்கப் போறா போல. என்ரைக்குக் கை கொஞ்சம் லூசா விடுங்கோ." எல்லாரும் சிரித்தார்கள். அண்ணை பெருமையோடு வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

நீளம், அகலம், கால்களுக்கு இடைப்பட்ட தூரம். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். பிறகு உயரம். பழக்கத்தில் டேப்பை உச்சியிலிருந்த இரும்பு வளையம் வரை இழுத்தேன். கிரேன் கொக்கியை மாட்டித் தூக்குவதற்கான வளையம் அது.

"உந்த வளையத்தை ஏன் சேத்து அளக்கிறாய்?" என்றார் அண்ணை. "நிலத்திலை பூட்டக் காலின்ர அளவு போதுமே."

 வளையத்தோடு சேர்த்து நுழைய வேண்டிய கப்பல் கொள்கலனின் வாசல் உயரம் என் கையிலிருந்த தாளின் மேல்மூலையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று இன்றும் தெரியாது. பார்க்கத் தேவையிருக்கவில்லை, அவர் இயந்திரங்களைப் பூட்டிக் கழற்றிப் பழகிய பொருத்துநர். வளையத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

என்ன நடக்குது அண்ணை என்று கோண்டாவில்காரர் கேட்டார். கொஞ்சம் தள்ளி வைக்கப் போகினமாம் என்று சொல்லிவிட்டு, அண்ணை அடுத்த இயந்திரத்துக்கு டேப்பைக் கொண்டுபோனார். மிச்சம் பதினொன்றையும் வளையம் வரைக்குமே அளந்தோம்.

  வெள்ளி காலை, வேலைக்கு நடக்கும் வழியில் அண்ணை தபால் பெட்டியடியில் நின்று, பயிற்சிக்கு வருவதாக டிப்போவுக்கு எழுதிய கடிதத்தைப் போட்டார்.  அது பிந்தித்தான் போய்ச் சேரும். நேற்றே டெலிபோனிலும் சொல்லிப்போட்டேன் என்றார்.

"ஆறாம் மிசினின்ர இடது பின்காலுக்குக் கீழை மூண்டு மில்லிமீற்றர் தகடு வைக்கவேணும். இல்லாட்டிக் கம்பி அறும். அங்கை அதிலை நிக்கப்போற ஆளுக்குத் தெரியாது. எழுதிவிடு."

"ஓம்."

கொஞ்சத் தூரம் நடந்தோம்.

"மற்றப் பதினொரு பேருக்கும் எப்ப சொல்லுவினம்?"

"தெரியாது அண்ணை."

"அதையும் உன்ர லிஸ்ட்டிலை போடு."

மேலே போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டையும் எழுதினேன். முகாமையாளரிடம் கேட்க வைத்திருந்த கேள்வித்தாளில் முதலாவதாக: பணியாளருக்கு அறிவிக்கும் திகதி. இயந்திரப் பட்டியலில், ஆறாவதற்கு எதிரே: தகடு. கொண்டுபோய் முகாமையாளரின் மேசையில் வைத்தேன். அவர் இயந்திரப் பட்டியலை நிதானமாக வாசித்தார். தகட்டுக் குறிப்பில் விரலை வைத்து, இப்படி நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் குறைவு என்று பாராட்டினார். பிறகு கேள்வித்தாளை எடுத்து, இரண்டாவது கேள்வியிலிருந்து பதில் சொல்லத் தொடங்கினார்.

"முதலாவது கேள்வி," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை கதவு திறந்திருந்தது. கீழே பன்னிரண்டு இயந்திரங்களும் ஓடத் தொடங்கியிருந்தன.