உங்க குரல் ஆகாது

வெல்டருக்கு அந்த நர்ஸ் மேல் பதினோரு வருஷக் கோபம். பட்டறை முதலாளி திட்டினால் அது சாயங்காலம் சோப்புப் போட்டுக் குளிப்பதோடு போய்விடும். இது போகவில்லை. பெற்ற பிள்ளையை முதல்முதலாகப் பார்க்க வந்தவனிடம், "உங்க குரல் ஆகாது. வெளிய போங்க" என்று ஒருத்தர் சொன்னால் எப்படிப் போகும்?

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் பொண்ணு எது சிஸ்டர்?" இருபது வருஷம் கிரைண்டர் பக்கத்தில் நின்ற காதுக்கு அது ரகசியம் பேசுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த வார்டுச் சுவரில் காது வடிவத்தில் ஒரு விளக்கு மாட்டியிருந்தது. அமைதியாக இருந்தால் பச்சை, பேச்சு ஏறினால் மஞ்சள், அதற்கும் மேலே போனால் சிவப்பு. அவன் வாயைத் திறந்ததும் விளக்கு மஞ்சளில் நிற்காமல் நேராகச் சிவப்புக்குத் தாவியது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நாலைந்து குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் உடம்பு தூக்கிப் போட்டது.

அந்த நர்ஸை எல்லாரும் உஷ் அக்கா என்றார்கள். குறைமாதக் குழந்தைகளோடேயே இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். அந்த வார்டில் குப்பைக்கூடை மூடிக்கு ஓரமாகப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியது அவர்தான். திங்கட்கிழமை தவறாமல் தள்ளுவண்டிச் சக்கரங்களுக்குச் சொந்தக் காசில் எண்ணெய் விடுவார். தும்மல் வந்தால் லிஃப்டில் கீழே இறங்கிப் போய்த் தும்மிவிட்டு வருவார் என்று கூட்டுகிற அம்மா சொல்வாள். பாதி பொய்யாக இருக்கும். மீதிப் பாதியை வெல்டர் கண்ணாலேயே பார்த்தான்.

வெல்டரின் மனைவி பஸ் கண்டக்டர். ஏழாம் மாதத்திலும் வேலைக்குப் போனவள், ஒரு மத்தியானம் ஓடுகிற பஸ்ஸிலேயே ரத்தக் கொதிப்பு ஏறி விழுந்தாள். வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். அதோடு விடாமல் வலிப்பும் வந்தது. இப்போது அவள் ஊரின் அந்தக் கோடியில் பெரிய ஆஸ்பத்திரியில், தொண்டையில் குழாயோடு கண் மூடிக் கிடந்தாள். குழந்தை இந்தக் கோடியில், ஒரு கிலோ நூறு கிராம். நடுவில் ஒன்றரை மணி நேரப் பஸ். வெல்டர் ஐந்து நாளாக அந்தப் பஸ்ஸிலேயே குடியிருந்தான்.

ஐந்தாம் நாள் காலையில் உஷ் அக்கா அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"குழந்தைக்கு நரம்பெல்லாம் தீர்ந்துடுச்சு. கையில, கால்ல ஏத்தின ஊசியெல்லாம் வீங்கிடுச்சு. இனி நூல் மாதிரி ஒரு குழாயை உள்ள விட்டாத்தான் மருந்து போகும், சத்து போகும். நேத்து டாக்டர் பார்த்தாங்க. வலியில துடிச்சு மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. பாதியில விட்டாச்சு."

"மயக்க மருந்து குடுக்கலாம்ல?"

"இந்த மூச்சுக்கு அது தாங்காது. சர்க்கரைத் தண்ணி ஒரு சொட்டு வைப்போம். கையை, காலை நான் பிடிச்சுக்குவேன். அது பத்தல. அம்மா பக்கத்துல பேசிக்கிட்டே இருந்தா பல குழந்தை அடங்கும். உங்க வீட்டம்மா வர முடியாது. அவங்க குரல் எதுலயாவது இருந்தா கொண்டு வாங்க. பன்னிரண்டு மணிக்கு டாக்டர் மறுபடி பார்க்கிறாங்க."

குரல் இருந்தது. வெல்டரின் போனிலேயே இருந்தது. ஆனால் அதை எடுத்து ஆஸ்பத்திரியில் நாலு பேர் முன்னால் போட அவனுக்கு முகம் இல்லை. அதனால் ஒரு காரியம் செய்தான். மனைவியின் தங்கைக்குப் போன் போட்டான். அக்காவும் தங்கையும் போனில் பேசினால் அவனுக்கே ஆள் தெரியாது. "மச்சினி, ஒரு தாலாட்டுப் பாடி அனுப்பு. கேள்வி கேட்காத" என்றான். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடி அனுப்பினாள். அதைக் கொண்டுபோய் மனைவி குரல் என்று நீட்டினான்.

பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான். பெட்டிக்கு மேலே ஒரு பெட்டி, அதில் நீல நிறத்தில் ஓர் எண். குழந்தையின் ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்பதற்குக் கணக்கு அது. தொண்ணூற்று மூன்று. டாக்டரம்மா ஊசியை வைத்தார். எண்பத்தாறு. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. எழுபத்தொன்பது. விரல் நீளத்துக்கு இருக்கிற கால் ஒன்று உஷ் அக்காவின் பிடியில் உதைத்தது. அறுபத்தெட்டு. டாக்டரம்மா கையை எடுத்துவிட்டார்.

உஷ் அக்கா வெளியே வந்தார். நடந்து வந்தது கேட்கவே இல்லை. ஆள் திடீரென்று முன்னால் நின்றது.

"இது யார் குரல்?"

"அவங்கம்மாதான்."

"வெல்டர்."

அவ்வளவுதான் சொன்னார். பட்டறையில் இரும்புக் கம்பி காலில் விழுந்தபோதுகூட அவனுக்கு அப்படி வியர்க்கவில்லை.

"மச்சினி, சிஸ்டர். கூடப் பிறந்தவதானே. ரெண்டு பேருக்கும் ஒரே குரல்."

"உங்களுக்கு ஒரே குரல். உங்க பொண்ணு மச்சினி வயித்துலயா இருந்தா?"

வெல்டர் ஓர் அடி பின்னால் வைத்தான்.

"இன்னும் ஒரு நரம்புதான் இருக்கு. வலது முழங்கைக்குள்ள. அதுவும் போச்சுன்னா கழுத்துல கத்தி வெச்சுத்தான் போடணும். இந்த உடம்புக்கு அது பெரிய கண்டம். அவங்க குரல் நிஜமாவே இல்லையா?"

"இருக்கு சிஸ்டர். ஆனா எல்லாம் திட்டு."

"யாரை?"

"வேற யாரை?"

உஷ் அக்காவின் உதடு லேசாக இழுத்துக்கொண்டது. அதைச் சிரிப்பு என்று அவன் எடுத்துக்கொள்ளவில்லை. "தையல்காரம்மா ஒருத்தி வந்தா. பாடத் தெரியாது, ஜாக்கெட் அளவு சொன்னா. ஒரு டீச்சர் ஏழாம் வாய்ப்பாடு சொன்னாங்க. உள்ள இருந்தப்போ எதைக் கேட்டுச்சோ அது போதும். திட்டுன்னா திட்டு. கையைக் கழுவிட்டு உள்ள வாங்க. இந்த போனைத் தடவுற வித்தை எனக்கு வராது, நீங்கதான் போடணும். ஒண்ணு சொல்றேன். உள்ள வந்துட்டா வாயைத் திறக்கக் கூடாது. எது நடந்தாலும்."

முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினான். அங்கி மாட்டினார்கள். போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அழைப்பு எதுவும் வராதபடி அடைத்து, அவன் கையில் கொடுத்தார்கள். பெட்டியில் கை விடுகிற வட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். மகளை அத்தனை கிட்டத்தில் அன்றுதான் பார்த்தான். அவனுடைய கட்டைவிரலை விடச் சின்ன முகம், வாயில் குழாய்.

"எண்பதுக்குக் கீழ போனா நிறுத்திடுவேன்" என்றார் டாக்டரம்மா. "போடுங்க."

போட்டான். பஸ் இரைச்சலுக்கு நடுவே மனைவி வந்தாள்.

"யோவ், போனை எடுக்க மாட்டியா? காதையும் சேத்து வெல்டிங் வெச்சிட்டியா? மாத்திரை வாங்குன்னு காலையிலயே சொன்னேன்ல... உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல பந்து விளையாடலாம் போல இருக்கு, எல்லாரும் படியிலயே தொங்குறீங்க! அம்மா, பையை மடியில வைங்கம்மா... யோவ், கேக்குதா? வாங்காம வந்தே, வீட்டுக்குள்ள விட மாட்டேன்."

ஊசி உள்ளே போனது. தொண்ணூறு. எண்பத்தேழு. எண்பத்து நான்கு. வெல்டர் பல்லைக் கடித்தான். எண்பத்து நான்கு. எண்பத்து நான்கிலேயே நின்றது. கால் உதைக்கவில்லை. உஷ் அக்கா கண்ணாலேயே அடுத்தது என்றார்.

அடுத்ததில் சில்லறை இல்லாத ஒருவனைப் பிடித்து உலுக்கினாள். அதற்கடுத்ததில் பக்கத்து வீட்டுக்காரியை வகிர்ந்தாள். டாக்டரம்மாவின் தோள் ஒரு தரம் குலுங்கியது, உடனே அடக்கிக்கொண்டார். எண்பத்தாறு. எண்பத்தெட்டு. குழாய் மயிரிழை மயிரிழையாக ஏறியது. "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றார்.

அந்த போனில் ஒரு குரல் செய்தி முடிந்தால் அடுத்தது தானாகவே ஓடும். வெல்டருக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருந்தது ஏழு. ஏழாவது எது என்று அவனுக்குத் தெரியும். அவள் விழுந்த அன்று அனுப்பியது. கிரைண்டர் சத்தத்தில் அவன் ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டது. அதன் பிறகு தொடாதது. நிறுத்தலாம் என்றால் விரல் பிளாஸ்டிக்கில் வழுக்கியது. சொல்லலாம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது.

"யோவ்..." மூச்சு வாங்கியது. "தலை சுத்துது. கண்ணு மங்கலா இருக்கு. டிரைவர் அண்ணன் பஸ்ஸ ஆஸ்பத்திரிக்கே விடுறாரு. ஒருத்தரும் இறங்கல பாரு, எல்லாரும் உக்காந்திருக்காங்க..." நடுவில் வெறும் இன்ஜின் சத்தம். வெல்டருக்குக் கண் நீல எண்ணை விட்டு நகரவில்லை. எண்பத்தைந்து. எண்பத்திரண்டு. எண்பத்தொன்று. "நீ பதறாம வா. வண்டிய விரட்டாத. நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். கேக்குதா? சாப்பிட்டுட்டு வா."

எண்பத்தொன்று. எண்பத்து மூன்று.

"வந்துடுச்சு" என்றார் டாக்டரம்மா.

தொண்ணூறு. வெல்டரின் முகக்கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. வாயை அவன் திறக்கவில்லை. அதற்காவது அந்த அம்மா ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம். உஷ் அக்கா குழந்தையின் கையைத் துணியில் சுற்றிவிட்டு, அவன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "முடிஞ்சது. வெளிய போங்க."

மனைவி பிழைத்து வந்தாள். குரல்தான் முழுசாக வரவில்லை. குழாய் தொண்டையைத் தேய்த்துவிட்டிருந்தது. டிப்போ அலுவலகத்தில் உட்காருகிற வேலை கொடுத்தார்கள். பழைய குரல் அந்த போனில் இருக்கிறது, அலமாரியில். மகளிடமும் இருக்கிறது. பதினோரு வயதில் அவள் தெருவில் போகிற பஸ்ஸையே நிறுத்துகிறாள்.

மனைவிக்கு உஷ் அக்கா உயிர். வருஷா வருஷம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள். வெல்டர் வாசலோடு நின்றுகொள்வான். போன மாதம், உஷ் அக்கா படுத்துவிட்டார், ஒரு தரம் வா என்று இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரி, எட்டுக் கட்டில் உள்ள வார்டு. ஆள் பாதியாகியிருந்தார். மருந்து காதையும் கொண்டுபோய்விட்டது. மனைவி கரகரத்த குரலில் காதோடு வாய் வைத்துப் பேசினாள். அவர் தலையைத் தலையை ஆட்டினார், ஒன்றும் விழவில்லை.

"எப்படி இருக்கீங்க சிஸ்டர்?" என்றான் வெல்டர், கட்டிலின் கால்மாட்டிலிருந்து.

எட்டுக் கட்டிலும் திரும்பியது. உஷ் அக்காவும் திரும்பினார். "கேக்குது" என்றார்.

அப்போது ஒரு சின்ன நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தாள். அன்றைக்கு அது மூன்றாவது தடவை. இரண்டு கையும் நீலம் பூத்துக் கிடந்தன. ஊசியைப் பார்த்ததும், ஆயிரம் குழந்தைக்கு ஊசி பிடித்த அந்தக் கை, கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தது. வெல்டர் வழக்கம் போல வெளியே போகத் திரும்பினான். உஷ் அக்கா இன்னொரு கையால் அவன் சட்டையைப் பிடித்தார்.

"போகாதீங்க. என் மேல பதினோரு வருஷமா ஒண்ணு வெச்சிருக்கீங்களாமே, உங்க வீட்டம்மா சொன்னா. இவ ஊசியை எடுக்கிற வரைக்கும் அதைச் சொல்லுங்க, வெல்டர். மெதுவா வேணாம். உங்க குரல்லயே சொல்லுங்க."