எரிந்துபோகட்டும் என்று நான் ஜெபித்த காகிதம்

என் மகன் இன்றைக்கும் குளியலறைக் கதவைத் தாழ் போடுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சபைப் பத்திரிகையில் சாட்சி எழுதுகிறவர்கள் எல்லாம் பூரண விடுதலை கிடைத்தது என்றுதான் முடிப்பார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. ஆனாலும் ஆண்டவர் செய்ததை வாயை மூடிக்கொண்டு விழுங்கிவிடவும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். வீடு செம்பாக்கத்தில். தாம்பரத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. என் கணவர் காலமான பிறகு என் மகன் ஜோயலை இந்தப் பேனாவை வைத்துத்தான் வளர்த்தேன். எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மனுவின் அடியில் இடம், தேதி போடுவதோடு மணியும் போடுவேன். கொடுத்ததற்கு ஆபீஸ் முத்திரை வாங்காமல் யாரையும் திரும்பி வர விடமாட்டேன். பக்கத்து மேஜைக்காரர் கேலி செய்வார். "இன்னா எஸ்தரக்கா, மனு எழுதறியா, ஜாதகம் எழுதறியா?"

ஜோயல் ஏசி மெக்கானிக். அவனோடு வேலை செய்யும் நண்பனின் வீடு ஓர் ஏரிக்கரையில் இருந்தது. அந்த வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று மக்கள் ஒரு திங்கட்கிழமை காலை ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஜோயலும் போய் உட்கார்ந்தான். போலீஸார் எல்லோரையும் வேனில் ஏற்றினார்கள். வழக்கம்போல ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ஏழு பேர் மட்டும் வெளியே வரவில்லை. என் மகன் அதில் ஒருவன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, அவன் எந்த ஸ்டேஷனில் இருக்கிறான் என்று கண்டுபிடித்துப் போய் நின்றேன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். பார்க்க விடவில்லை. கை காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"பையன் பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டான்மா. கைல அடி. நீதான் மனு எழுதற ஆளாமே? நீயே நீட்டா எழுதிக் குடுத்துட்டு, புள்ளயப் பாத்துட்டுப் போ."

பாத்ரூமில் வழுக்கி விழுவது என்றால் என்ன என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தே எழுதினேன். "மேற்படி என் மகன் குளியலறையில் கால் வழுக்கி விழுந்ததில் வலது கையில் அடிபட்டது என்றும், இதற்கு யாரும் காரணமல்ல என்றும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. என் ஆயுசில் அவ்வளவு அழகாக நான் எழுதியதில்லை. கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நிமிஷம் பார்க்க விட்டார்கள். ஜோயல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வலது கை மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, வேறு யாருடைய கையோ போல இருந்தது. அவன் அழவில்லை. மெதுவாகச் சொன்னான்.

"அம்மா, எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதம்மா."

"சரிப்பா" என்றேன்.

சகோதரிகளே, அந்தச் "சரிப்பா" இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏழு பேர் மேலும் வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். ஜாமீன் மறுக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களை ஒன்றாகச் சேர்த்தவள் கோவிலம்பாக்கத்து ஃபரிதா. அவள் கணவர் பஷீர் பாய் வெல்டிங் வேலை செய்கிறவர், ஏழு பேரில் ஒருவர். என் தொழிலைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. "அக்கா, அல்லாதான் உங்கள அனுப்பியிருக்கான்" என்றாள். விடுதலை கேட்டு நான் மனு எழுதினேன். இருவரும் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்று கையெழுத்து வாங்கினோம். பண்டிகைக்கு ஊருக்குப் போகிற கூட்டம். சிலர் போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதுமே நகர்ந்தார்கள். சிலர் சூட்கேஸ் மேலேயே தாளை வைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது ஃபரிதா சொன்னாள். "வழுக்கி விழுந்தாங்கன்னு ஒரு பையனோட அம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்களாம். இப்ப ஏழு பேருக்கும் அதையே சொல்றாங்க. இவருக்குக் காதுல ரத்தம் வந்துச்சே, அதுவும் வழுக்கி விழுந்ததாம். யாருக்கா அந்தப் பொம்பள? அவ நல்லா இருப்பாளா?"

 சூடு என்று சொல்லி டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

அன்றுமுதல் எனக்கு ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, அந்தக் காகிதம் எரிந்துபோகட்டும். கரையான் அரிக்கட்டும். மழைத் தண்ணீர் ஸ்டேஷனுக்குள் ஏறி அதை அடித்துக்கொண்டு போகட்டும். இப்படி வெட்கமில்லாமல் கேட்டேன். சபையில்கூட உண்மையைச் சொல்லவில்லை. மகனுக்கு உடம்பு சரியில்லை, ஜெபியுங்கள் என்றேன். நீங்களும் நம்பி ஜெபித்தீர்கள். ஒரு பொய்க்காக உங்களை முழங்காலில் நிற்க வைத்தேன். என்னை மன்னியுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு நாக்கு எழும்பவில்லை. நான் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. செய்ததை மறைக்க, ஆண்டவரையே எனக்குத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஜெபத்தை மாற்றினேன். "காகிதம் இருக்கட்டும் ஆண்டவரே. என் வாயைத் திறந்துவிடும்." அவ்வளவுதான். ஜெபம் முடியும் வரை இருக்கவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கோவிலம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

வாசலில் நின்றே சொன்னேன். "நீ கேட்ட அந்தப் பொம்பள நான்தான் ஃபரிதா."

அவள் திரும்பி உள்ளே போனாள். சமையலறையில் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம். மொதல்ல வக்கீலம்மாகிட்டப் போவோம். அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. வாங்க."

ஏழு பேருக்காகவும் வாதாடிய வக்கீலம்மா என்னைத் திட்டவில்லை. போலீஸ் கோர்ட்டில் கொடுத்திருந்த தாள்களுக்குள் என் கடிதத்தின் நகலைத் தேடி எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். அடியில் விரலை வைத்தார்.

"இது என்னம்மா, மணியெல்லாம் போட்டிருக்கீங்க?"

"எப்பவும் போடுவேன் மேடம். பழக்கம்."

"இந்த ஸ்டேஷன் முத்திரை?"

"அதுவும் நான்தான் கேட்டு வாங்கினேன். கொடுத்ததுக்கு அத்தாட்சி வேணும்ல?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஏழு பேரையும் புதன்கிழமை காலையில்தான் பிடித்தோம் என்று போலீஸ் எழுதியிருந்தது. பிடித்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அதற்காகத் திங்கட்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் தின்றுவிட்டார்கள். ஆனால் என் கடிதத்தில் செவ்வாய்க்கிழமைத் தேதி. காலை மணி பத்து நாற்பது. அதன் மேல் அவர்களுடைய முத்திரை. புதன்கிழமை பிடித்த பையனுக்குச் செவ்வாய்க்கிழமையே எப்படி ஸ்டேஷனில் அடிபட்டது?

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எரித்துவிடும் என்று நான் கெஞ்சிய காகிதத்தை ஆண்டவர் பத்திரமாக வைத்திருந்தார். அதுவும் அவர்களுடைய ஃபைலிலேயே.

கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். "இது நீங்க எழுதினதா?" என்று நீதிபதியம்மா கேட்டார்.

"ஆமாங்கம்மா. எழுத்து என்னுது. தேதி, மணி உண்மை. விஷயம் பொய். புள்ளயப் பாக்கணும்னு எழுதிட்டேன்."

ஜோயல் போலீஸ்காரர்களுக்கு நடுவில் கட்டுப் போட்ட கையோடு நின்றிருந்தான். நான் எழுதிக் கொடுத்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

ஏழு பேரையும் வேறு டாக்டர்கள் பார்க்க வேண்டும் என்று உத்தரவானது. வழுக்கி விழுந்தால் இப்படி உடையாது என்று அவர்கள் எழுதினார்கள். அடுத்த வாரமே ஏழு பேருக்கும் ஜாமீன். நாங்கள் வாங்கிய கையெழுத்துகளும் போக வேண்டிய இடத்துக்குப் போயின. அடித்தவர்கள் மேல் விசாரணை நடக்கிறது. ஸ்தோத்திரம்.

ஆனால் ஜோயலின் கை நேராகச் சேரவில்லை. ஸ்பேனரை இறுக்கிப் பிடிக்க முடியாது. பஷீர் பாய்க்கு ஒரு காது கேட்பதில்லை. வேன் கதவு இழுபடும் சத்தம் கேட்டால் ஜோயல் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவான். அவன் குளிக்கப் போனால், தண்ணீர் விழும் சத்தம் கேட்கும் வரை நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். நான் நிற்பது அவனுக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "அன்னிக்குக் கையெழுத்துப் போடாதன்னு சொன்னப்ப, சரின்னு சொன்னியேம்மா."

"ஆமாம்பா. அப்பவே போட்டுட்டுத்தான் உன்னப் பாக்க வந்தேன்."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினான். "கொஞ்சம் ரசம் ஊத்து" என்றான்.

ஃபரிதா மன்னித்துவிட்டேன் என்று இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமை தோறும் என் மேஜைக்கு வந்து உட்காருகிறாள். பிடித்துக்கொண்டு போனவர்களின் வீட்டார் வந்தால் இருவரும் சேர்ந்து மனு எழுதிக் கொடுக்கிறோம். அந்தப் பொய்யை எழுதிய அதே பேனாதான் இன்றும் என் கையில் இருக்கிறது.

அன்பானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். நாம் கேட்டது கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். என் ஜெபத்தை அவர் அப்படியே கேட்டிருந்தால் என் மகன் இன்னும் உள்ளே இருந்திருப்பான். மறைக்க நினைப்பதை அவர் முன்னால் வையுங்கள். அது போதும்.

போன வாரம் ஒரு தாய் என் மேஜைக்கு வந்தாள். மகளைப் போராட்டத்திலிருந்து கொண்டுபோய்விட்டார்கள். ஸ்டேஷனில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்திருக்கிறார்கள். அவள் இன்னும் எழுதவில்லை. அந்தப் பெண்ணின் விடுதலைக்கான மனு இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பின்புற மேஜையில் இருக்கும். பேனாவோடு நான் நிற்பேன். ஜெபித்துவிட்டு வாருங்கள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மணியும் போடுங்கள்.