மனைவியை முந்தி நடந்த நாள்

தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் முதல், என் மனைவி இறால் பிடிக்க ஏரிக்குப் போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் டைரியில் குறித்து வந்தேன். பொறாமைதான். தோழிகளோடு அவள் சிரிக்கும் சிரிப்பு வீட்டில் எனக்குக் கிடைத்ததில்லை.

பதினெட்டாம் நாள் நானும் அவளோடு ஏரியில் இறங்கினேன்.

"காலைத் தூக்காத, சேத்துல தேச்சிக்கினே வாய்யா, மீனு வெலகிப் போவும்" என்றாள் மனைவி.

கேட்காமல் அவளை முந்தி நடந்தேன். கெளுத்தி மீனின் முள் பாதத்தில் ஏறியது. அலறி விழுந்தேன்.

"இன்னா ஆபீசரே, முத்திரை குத்திடுச்சா?" என்றாள் அவள் தோழி கன்னியம்மா. சிரித்துக்கொண்டேதான் இருவரும் என்னைக் கரைக்குத் தூக்கி வந்தார்கள். அந்தச் சிரிப்பில் முதன்முறையாக நானும் இருந்தேன்.

இப்போது நேரம் குறிப்பதில்லை. காலைத் தேய்த்தபடி அவள் பின்னாலேயே போகிறேன். தினமும் அவள் கூடைதான் முதலில் நிரம்புகிறது. அந்தப் பொறாமை மட்டும் மிச்சம்.