ஏறி இறங்க வேண்டிய சூனியக்காரி

அழகமுத்துவின் இடது கை ஆமையின் கழுத்தைப் பிடித்திருந்தது. வலது கை அதன் முதுகிலிருந்த ஆசனக் குழிக்குள் பொன்னிறம் பூசிக்கொண்டிருந்தது. ஆமை உள்ளங்கை அளவு பொம்மை. குழியோ ஒரு ரம்புட்டான் கொட்டையை வைத்தால் சரியாக இருக்கும். மேலே சூனியக்காரி உட்கார்ந்துவிட்டால் அந்தக் குழியை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் முதலில் வெள்ளை, அதன்மேல் மஞ்சள், அதன்மேல் பொன் என்று மூன்று பூச்சு. காய்ந்ததும் வார்னிஷ் வேறு.

"யாரும் பாக்காத எடத்துக்கு எதுக்குங்க இவ்வளவு?" என்று சந்திரகாந்தா கேட்டார். அவர் அழகமுத்துவின் மனைவி. கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"உக்கார்றவளுக்குத் தெரியும்ல?" என்றார் அழகமுத்து.

முப்பது வருடம் கோவில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டிய கை அது. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எத்தனையோ சிங்கத்துக்கும் மயிலுக்கும் ரிஷபத்துக்கும் அவர்தான் நிறம் கொடுத்தவர். திருவிழாவன்று சாமியை வாகனத்தில் ஏற்றிக் கட்டுவார்கள், ஊர்வலம் முடிந்ததும் இறக்குவார்கள். சாமி அமரும் பலகையைச் சும்மா விட்டவனை அவர் வேலைக்காரன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தப் பழக்கம்தான் இந்த ஆமையிலும் நின்றது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கோபுரச் சாரத்தில், மழை நனைத்த மூங்கிலில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். முதுகெலும்பு அடிபட்டது. கைகளுக்கு ஒன்றுமில்லை. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை.

அப்போது சந்திரகாந்தா சைப்ரசுக்குப் போகத் தயாராக இருந்தார். வயதானவர்களைப் பராமரிக்கும் பயிற்சியை மாத்தளையில் முடித்து, சான்றிதழும் கடவுச்சீட்டும் கையில் வைத்திருந்தார். பயணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது அழகமுத்து விழுந்தார். சான்றிதழ் அலுமாரிக்குள் போனது. படிப்பு வீட்டிலேயே வேலைக்கு வந்தது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே வழுக்குப் பலகை போட்டு ஆளை நகர்த்துவது எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஆனால் ஆளை நகர்த்த ஆள் சம்மதிக்க வேண்டுமே. முதல் வருடம் முழுவதும் அழகமுத்து கட்டிலை விட்டு எழும்பவில்லை, அதன் பிறகும் மனைவி வற்புறுத்தினால்தான். "எழும்பி என்னத்தச் செய்ய?" என்று ஒரே கேள்வி. வால் எலும்புக்கு மேலே ஒரு புண் வந்தது. உணர்ச்சியில்லாத உடம்பு என்பதால் வலிக்கவில்லை. வலிக்காததால் அவருக்கு அது பொருட்டாகவும் படவில்லை. ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் தொடங்கிய புண் விரல் நுனி உள்ளே போகும் ஆழத்துக்குப் போனது. ஆற ஏழு மாதம் எடுத்தது.

போன வைகாசியில்தான் பஸ்லி வந்தான். மாத்தளை டவுனில் கைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவன். கடையின் பின்னறையில் ஒரு இயந்திரம் வைத்து, ரெசினில் குட்டிக் குட்டி உருவங்கள் செய்கிறான். பூதம், டிராகன், வாள் பிடித்த எலும்புக்கூடு. மேசையில் வைத்து விளையாடும் ஒரு விளையாட்டுக்கான காய்கள் அவை. கண்டியில் அதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறதாம். உருவம் செய்ய பஸ்லிக்குத் தெரியும், வர்ணம் தீட்டத் தெரியாது. அழகமுத்து எழுதிய பழைய கடைப் பலகை ஒன்றைப் பார்த்து விசாரித்துக்கொண்டு அலுவிகாரையில் இருந்த அவர் வீட்டுக்கே வந்துவிட்டான்.

பழகிப் பார்க்க ஒரு பூதத்தைக் கொடுத்தான். அழகமுத்து அதற்கு மீசை முறுக்கி, நெற்றியில் பொட்டும் வைத்துக் கொடுத்தார். பஸ்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே, இது ஆள் திங்கிற பூதம். இதுக்குப் பொட்டா?"

"ஆள் தின்னா பொட்டு வைக்கக் கூடாதா தம்பி?"

இரண்டாவதாகத்தான் இந்த ஆமையையும் சூனியக்காரியையும் கொண்டுவந்தான். இது பரீட்சை. கண்டிக் கூட்டத்துக்குப் பிடித்தால் இதே மாதிரி பெரிய உருப்படிகள் தொடர்ந்து வரும். பிடிக்காவிட்டால் அவர்கள் கொழும்பில் வேறு ஆளைப் பார்ப்பார்கள். போகும்போது பஸ்லி ஒன்றை அழுத்திச் சொன்னான்:

"வெளையாட்டுல ஆமை செத்தா இவ எறங்கோணும் அண்ணே. எடுத்து ஒரு கல்லுல உக்கார வெப்பாங்க. லேசா ஏறோணும், லேசா எறங்கோணும். அது ஏலாட்டி வர்ணம் எவ்வளவு வடிவா இருந்தும் வேலையில்ல."

அந்தப் பெட்டி வந்த மறுநாள், காலை ஏழு மணிக்கு அழகமுத்து தானாகவே கூப்பிட்டார்: "சந்திரா, பலகையக் கொண்டா." சந்திரகாந்தா காதில் விழுந்ததை நம்பாமல் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் மேசைதான். அரை மணிக்கொரு தரம் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி, பாரத்தை மாற்றி உட்கார வேண்டும் என்ற மனைவியின் சட்டத்துக்கும் சத்தமில்லாமல் கட்டுப்பட்டார். தோல் தெளிந்தது. ஆமை கெட்டால் இந்த மனுசன் திரும்பக் கட்டிலோடு ஒட்டிக்கொள்வார், புண்ணும் திரும்ப வரும். சந்திரகாந்தாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. அழகமுத்துவுக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை குழிக்கு வார்னிஷ் ஏறியது. வியாழன் காலையில் உருவங்களுக்குக் கண் திறந்தார். சூனியக்காரிக்கு இரண்டு, ஆமைக்கு இரண்டு. நாலு மயிர் மட்டும் விட்டு வெட்டிய தூரிகையால், மூச்சை அடக்கிக்கொண்டு, கறுப்புப் புள்ளி. அதோடு வேலை முடிந்தது. கண் திறந்த உருவத்தில் மறுபடி பிளேடோ தூரிகையோ வைப்பதில்லை. அது அவர் கைவேலை படித்த நாளிலிருந்து மாறாத ஒழுங்கு.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சூனியக்காரியைத் தூக்கி ஆசனத்தில் வைத்தார். உட்காரவில்லை. வர்ணம் பூசுமுன் மோதிரம் விரலில் போவது மாதிரிப் போனவள், இப்போது விளிம்பில் தொற்றிக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் பாதி சீட்டு கிடைத்தவள் போல ஒரு பக்கம் சாய்ந்து நின்றாள்.

அழுத்தினால் போவாள். ஆனால் வர மாட்டாள். இழுத்தால் கோல் பிடித்த கை முறியும், அது தீக்குச்சியை விட மெல்லியது. அழகமுத்து அவளை எடுத்து மேசையில் வைத்தார். வாகனத்தின் பலகையில் மூன்று பூச்சு ஏறினால் யாருக்கும் தெரியாது. ரம்புட்டான் கொட்டைக் குழியில் மூன்று பூச்சு என்பது ஒரு சுவர். இத்தனை வருட அனுபவத்தில் இது அவர் புத்திக்கு எட்டவில்லை.

"என்னங்க?" சந்திரகாந்தா சமையலறையிலிருந்து வந்தார்.

"உக்கார மாட்டேங்கிறா. குழியில வர்ணம் தடிச்சிப் போச்சி."

"அப்ப சொரண்டுங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அந்தத் தம்பி வருது. ஜும்ஆ தொழுகைக்கு முன்னால கண்டிக்குப் போய்ச் சேரணும்னு சொல்லிச்சே."

"கண் தொறந்தாச்சி புள்ள. இனி பிளேடு வைக்கக் கூடாது."

"சூனியக்காரிங்க அது!"

"யாரா இருந்தா என்ன? முழிச்சிப் பாத்துக்கிட்டு இருக்கிறவள அடியில சொரண்டச் சொல்றியா?"

"நான் ஒங்கள தெனமும் முழிச்சிருக்கிறப்பதான் பொரட்டித் தொடைக்கிறேன். நீங்க செத்தா போனீங்க?"

அழகமுத்து சக்கரத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் போனார். அங்கிருந்தே, "என்னைய கட்டில்ல போடு" என்றார். மணி இரண்டரை. வழக்கமாக அன்றைய வேலையை முடித்து அவர் மேசையை விட்டுப் போவது நாலு மணிக்கு.

சந்திரகாந்தா பலகையை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மேசை முன்னால் உட்கார்ந்தார்.

"கோவில்ல திருப்பணி நடக்கிறப்ப பழைய செலைய எப்படித் தொடுறீங்க? அதுக்கும் கண் தொறந்துதான இருக்கு?"

"அதுக்கு முறை இருக்கு. மொதல்ல சாமிய ஒரு கும்பத்துக்கோ படத்துக்கோ மாத்திருவாங்க. அப்புறம் வேலை. முடிஞ்சதும் புதுசாக் கண் தொறப்பாங்க."

"அப்ப மூடித் தொறக்கலாம்."

"ஐயர் வந்து மந்திரம் சொல்லி…"

"சூனியக்காரிக்கு எந்த ஐயருங்க வருவாரு? நீங்களே தொறந்தீங்க, நீங்களே மூடுங்க. முகத்துக்கு அடிச்ச சாம்பல் வர்ணம் மிச்சம் இருக்குல்ல?"

அழகமுத்துவின் சக்கரம் மேசைப் பக்கம் திரும்பியது. தூரிகையை எடுத்து, நாலு கண்ணின் மேலும் ஒவ்வொரு சொட்டு வைத்தார். காலையில் உயிரோடு இருந்த இரண்டும் வெறும் ரெசின் ஆயின. அது அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த சங்கடம், எங்கே சுரண்டுவது? முழுக் குழியையும் சுரண்டினால் அவள் உள்ளே ஆடுவாள், கவிழ்ந்து விழுவாள். எந்த இடத்தில் இடிக்கிறது என்று கண்ணால் தெரியவில்லை. பஸ்லி கொடுத்த பூதக்கண்ணாடி விளக்கை வைத்துப் பார்த்தும் எல்லாம் ஒரே பொன்னாகத்தான் இருந்தது.

சந்திரகாந்தா எழும்பிப் போய் ஒரு குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தார்.

"சாமிக் குங்குமத்தப் பேய்க்கு அடியிலயா?" அழகமுத்துவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"கடையில வாங்கினது. இன்னும் சாமிகிட்டப் போகல. சத்தம் போடாமப் பாருங்க."

சந்திரகாந்தா விரல் நுனியில் துளி குங்குமம் தொட்டு, சூனியக்காரியின் அடிப்பாகத்தில் படர்த்தி, மிச்சத்தை ஊதிவிட்டார். ஆசனத்தில் மெதுவாக வைத்து, உடனே எடுத்தார்.

"காலையில கண்ணாடியும் டோர்ச்சும் வச்சிக்கிட்டு ஒங்க முதுகுல நான் என்னத்தத் தேடுறேன்னு நெனச்சீங்க? செவந்த எடத்த. அங்கதான் அழுத்துது. இந்தா பாருங்க."

குழியின் இடது விளிம்பில் ஒரு பிறை மாதிரி, பின்சுவரில் கடுகளவு. இரண்டே இடம்தான். மற்ற இடமெல்லாம் பொன் பொன்னாகவே இருந்தது.

அழகமுத்து பிளேடை எடுத்தார். சிவப்பு இருந்த இடத்தை மட்டும் சீவினார். சந்திரகாந்தா குங்குமம் தொட்டு வைத்தார், எடுத்தார். பிறை சிறுத்தது. மறுபடி சீவினார். ஐந்தாவது தரம் சூனியக்காரி, "டிக்" என்றுகூடச் சத்தம் போடாமல் உள்ளே போய் உட்கார்ந்தாள். நகத்தால் நெம்பாமலே வெளியே வந்தாள். தூரிகையால் குங்குமத்தைத் தட்டிவிட்டார்கள். சீவிய இரண்டு இடத்திலும் வர்ணம் போய், சாம்பல் ரெசின் வெளியே தெரிந்தது.

அழகமுத்துவின் கை தானாகப் பொன் வர்ணக் குப்பியிடம் போனது.

"வைங்க கீழ" என்றார் சந்திரகாந்தா.

"ஒரு பூச்சு. மெல்லிசா."

"அந்த மெல்லிசு மூணு சேந்துதான் இப்ப இந்தக் கூத்து."

கை திரும்பி வந்தது. கண்ணை அன்றைக்கே திறக்கலாம் என்று சந்திரகாந்தா சொன்னபோது அழகமுத்து ஒப்புக்கொள்ளவில்லை. கண் திறப்பது காலையில்தான், அதில் மாற்றமில்லை. சந்திரகாந்தாவும் மல்லுக்கு நிற்கவில்லை. அவர் சட்டம் அவருக்கு இருக்கட்டும்.

மறுநாள் ஐந்தரைக்கே அழகமுத்து குரல் கொடுத்தார். சந்திரகாந்தா புரட்டிப் பார்த்தார், சிவப்பு எதுவும் இல்லை. பலகை போட்டு நாற்காலிக்கு மாற்றி, மேசைக்குத் தள்ளினார். ஆறரை மணி வெளிச்சத்தில் நாலு கண்ணும் திறந்தன. இந்தத் தரம் சூனியக்காரியின் பார்வையை நேராக வைக்காமல், பஸ்லி கொடுத்த படத்தில் இருந்தபடி கோல் நீட்டிய பக்கம் திருப்பினார். முந்தின நாள் வைத்தது சாமிக்கு வைக்கும் பார்வை என்பது மூடின பிறகுதான் அவருக்குப் பட்டது.

பஸ்லி எட்டு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டான். ஆமையை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு தலைகீழாகக் கவிழ்த்தான். சூனியக்காரி அவன் உள்ளங்கையில் விழுந்தாள். திரும்ப வைத்தான், உட்கார்ந்தாள்.

"குழியில ரெண்டு எடம் வர்ணம் இல்ல தம்பி," என்றார் அழகமுத்து. "நான்தான் சீவினேன். மறைக்கல."

"யாரண்ணே அதப் பாக்கப் போறது?"

சந்திரகாந்தா புருசனைப் பார்த்தார். அழகமுத்து தூரிகையைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தார்.

பஸ்லி கைபேசியில் காணொளி எடுத்தான். ஏற்றினான், இறக்கினான், கண்களை நெருக்கத்தில் காட்டினான். கண்டிக்கு அனுப்பிவிட்டுத் தேநீரைக் குடித்தான். குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. வாசித்துச் சிரித்தான்.

"அவங்க கேக்கிறாங்க, பன்றி மேல ஏறின ராசா ஒண்டு ஈக்கிது, ஓநாய் வண்டி ஒண்டு ஈக்கிது. எப்ப தொடங்கலாமாம்? ரெண்டும் கழட்டுற சாதிதான்."

"கொண்டா" என்றார் அழகமுத்து. "வர்ணம் அடிக்க முந்தி ஒரு தரம் குங்குமம் போட்டுப் பாத்துக்கிறேன்."

பஸ்லிக்கு விளங்கவில்லை. "அண்ணே, ராசாவுக்கும் பொட்டா?"

அவன் பைக் பெரிய றோட்டில் ஏறும் சத்தம் கேட்டதும் சந்திரகாந்தா பலகையை எடுத்து வந்தார். அழகமுத்து ஐந்தரையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார், பாரம் மாற்றவேண்டும்.

"இன்னும் பத்து நிமிசம்."

"இப்ப."

அழகமுத்து கையை ஊன்றினார். அவர் பலகையில் வழுக்கிக் கட்டிலுக்குப் போனார், ஒருக்களித்துப் படுத்தார்.

"பத்து மணிக்கு நாற்காலியில ஏத்திரு" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.