பிடி நடந்த எல்லை

கண்ணன் போழன் நாற்பத்தொரு ஆண்டுகளில் இருபத்தாறு செப்பேடுகள் வெட்டினார். ஒரே ஒரு ஏட்டில் மட்டும் ஒரு வரியை அழித்து மறுபடி வெட்டினார். வியாழன் மகரத்தில் நின்ற ஆண்டு, கும்ப மாதம் ஒன்பதாம் நாள் அது.

அந்த நாட்டை ஆண்ட நாடுவாழி கோயிலுக்கு நிலம் விட்டிருந்தார். பிடியை, அதாவது பெண்யானையை, நடத்தி, அது சுற்றிய வழியையே எல்லையாகக் கொண்டு, அதன்பிறகே ஏடு வெட்டுவது வழக்கம். நாடுவாழி வெளியூர் புறப்படுகிறார் என்று அவசரப்பட்ட நக்கன் குமரன், கோயில் காரியங்களைப் பார்க்கும் பொதுவாள், முன்கூட்டியே எல்லைகளை ஓலையில் எழுதிக் கொடுத்துவிட்டார். போழனும் கிழக்கெல்லை புன்னைமரம் என்று வெட்டிவிட்டார். தவறு அவருடையதும்தான்.

காலையில் யானை நடந்தது. எட்டு சாட்சிகளோடு போழனும் பின்னால் போனார். புன்னைமரத்துக்கு நாற்பது கோல் இப்பாலேயே, எண்ணெய் ஆட்டும் கோதையின் கிணற்றை வெளியே விட்டு, யானை திரும்பிவிட்டது. ஏட்டில் உள்ளபடி என்றால் கிணறு கோயிலுக்குப் போய்விடும். கோதைக்கு வேறு தண்ணீர் கிடையாது.

"ஏதோ ஈ கடிச்சுத் திரும்பியிருக்கும், விட்டுரு" என்றார் பொதுவாள்.

"ஈ கடிச்சாலும் திரும்பினது யானைதானே. எட்டுப் பேரு பாத்தாங்க" என்றார் போழன்.

"எட்டுப் பேரும் ஒருநாள் செத்துப்போவாங்க, போழா. ஏடுதான் இருக்கும்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"சாயங்காலம் முத்திரை வைக்கணும். தாமதமானாலும் சரி, ஒரு எழுத்து மாறினாலும் சரி, இனி இந்தக் கோயில் வேலை உனக்கில்ல."

"அப்ப நின்னு பேச நேரமில்ல. உலை மூட்டணும்."

பட்டறை வாசலுக்குக் கோதை ஓடிவந்தாள். "ஆசாரி, என் கெணத்துக்காக உங்க சோத்துல மண்ணப் போட்டுக்காதீங்க."

"உன் கெணத்துக்காகன்னு யாரு சொன்னா? ஏட்டுல கீழ என் பேரு இருக்கு."

ஏட்டைக் காய்ச்சி, அந்த வரியை மட்டும் தட்டி மட்டமாக்கி, ஆறவைத்துப் பதினேழு எழுத்துகள் வெட்டினார். பொழுது சாய ஒரு நாழிகை இருந்தது.

"எனக்கு எழுத்து தெரியாது. எது என் கெணறு?" என்று கேட்டாள் கோதை.

உளி முனையால் காட்டினார். அவள் விரலை வைத்துத் தடவினாள். "பள்ளமா இருக்கே."

"பின்ன, கெணறு மேடாவா இருக்கும்?"

நாடுவாழி முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். யானை திரும்பிய இடம் வந்தபோது சாட்சிகள் தலையசைத்தார்கள். முத்திரை விழுந்தது.

பொதுவாளும் சொன்ன சொல் தவறவில்லை. அதன்பிறகு போழன் வெட்டிய ஏழு ஏடுகளும் பக்கத்து நாட்டாருக்கு வெட்டியவை. அவற்றில் ஒன்றைக்கூட யானை நடந்து முடியும்வரை அவர் தொடவில்லை.