அனுப்பாமல் நின்ற நாலு வரி

கம்ப்யூட்டர் அக்காவின் ஆள்காட்டி விரல் கீபோர்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. "படிச்சுக் காட்டறேன், சரியான்னு சொல்லு கண்ணு. அப்பறந்தான் அனுப்புவேன்" என்பார். யார் போனாலும் அவர் வழக்கம் அதுதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில், மூன்று கம்ப்யூட்டர் போட்ட பிரௌசிங் சென்டரை அவர் பார்த்துக்கொண்டார். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஊருக்கே அவர் கம்ப்யூட்டர் அக்காதான்.

நான் எட்டாவதோடு நின்றவள், கம்ப்யூட்டரைத் தொடவே பயம். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலையாக இருந்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றித் திருநீறோடு அப்படியே அந்த மாடியேறுவேன். அவர் அனுப்பிய மெயிலை அக்கா படித்துக் காட்டுவார், நான் சொல்லும் பதிலை டைப் அடிப்பார். முருக பக்தர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு தமிழ்க் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டதும் என் வீட்டுக்காரர்தான். நான் கொல்லிமலை அடிவாரத்துக்காரி என்று தெரிந்ததும், எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் "சொல்லுங்கம்மா" என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அடுப்படியிலேயே கிடந்தவளுக்கு அது சின்ன விஷயமா?

அதே குழுவில் ஒருமுறை யாரோ ஒரு ஆள், காவடி எடுக்கிறவர்களுக்கு மூளையில்லை என்று எழுதிவிட்டார். பிரசவத்தில் நான் செத்துப் பிழைத்ததற்காக ஏழு வருஷம் காவடி எடுத்தவர் என் வீட்டுக்காரர். அந்த ஆளுக்கு அது தெரியுமா? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. "உன்னையப் பார்க்காத ஆளு எழுதுனது, உடு கண்ணு. எதுத்தாப்புல உக்காந்திருந்தா எழுதியிருப்பானா?" என்று தேற்றியவர் அக்காதான்.

அதற்கப்புறம் ஆனி மாதத்தில் ஒருவர் கேட்டிருந்தார், ஆவணியில் குழந்தை குட்டிகளோடு கொல்லிமலைக்கு வருகிறோம், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று. அன்றைக்கு அக்காவிடம் ஒரு டிபன் டப்பா நிறையப் பலாச்சுளை இருந்தது. "ஊர்லருந்து வந்துச்சு, தின்னு" என்றார். எந்த ஊர் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆறேழு சுளை தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். அக்கா அடித்து முடித்தார். எப்போதும்போலப் படித்துக் காட்டினார்.

"மலைக்காரங்க ஊட்டுல எதையும் வாங்கிச் சாப்புடாதீங்க. தண்ணிகூடக் குடிக்காதீங்க. மருந்து வெச்சுருவாங்க. நாங்க சாமி கும்புடப் போனாலே சோறு தண்ணியெல்லாம் கீழ இருந்துதான் கொண்டுக்கிட்டுப் போவோம்."

மருந்து என்றால் ஆளை மயக்கித் தன் வசப்படுத்துவது. பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் காதில் விழுந்த பேச்சு அது. யாருக்கு வைத்தார்கள், யார் பார்த்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குழந்தைகளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

"அனுப்பிரட்டுமா?"

"அனுப்புங்கக்கா."

விரல் இறங்கவில்லை. "எங்கம்மா ஊடு வாசலூர்பட்டிக்குப் பக்கத்துல. நானும் மலைக்காரிதான் கண்ணு. இப்பத் தின்னியே, அது எங்கம்மா மரத்துப் பலா. தலை கிலை சுத்துதா?"

வாயில் பலாவின் இனிப்பு அப்படியே இருந்தது. நாளையிலிருந்து இந்த மாடியேற முடியாது, இந்த அக்கா எனக்கு இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். திட்டவில்லை. "உன் வார்த்தை, உன் பேர்ல போவுது. நானா அழிக்க மாட்டேன். நீ சொல்லு" என்றார்.

"அழிச்சிருங்கக்கா."

கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வந்தது. அது முழுசாகப் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. முருகா, யாரும் படிக்கவில்லை. அக்கா டப்பாவை மறுபடியும் என் பக்கம் தள்ளினார். "மிச்சத்தையும் தின்னுரு. ஆடிக்கு மலைக்கு வாறயில்ல, எங்கூட்டுக்கும் ஒரு எட்டு வா. அவங்களுக்கு அப்பறமாப் பதில் எழுதிக்கலாம்."

ஆடியில் காரவள்ளி அடிவாரம் வழியாக மலைக்கு அக்காவோடே பஸ் ஏறினேன். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கையில் கட்டுச்சோறு இல்லை. நான் பாயில் உட்காருவதற்குள் அக்காவின் அம்மா ஒரு கலர் சோடா பாட்டிலை நீட்டினார். கடையில் முன்னமே வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

"மூடி தொறக்கல, பாத்துக்க சாமி. கீழ இருந்து வாறவங்க எங்க தண்ணி குடிக்க மாட்டீங்கல்ல, அதான்."

குறையாகச் சொல்லவில்லை. வந்தவளுக்குச் செய்கிற மரியாதையாகச் சொன்னார். என் நாலு வரியை யாரும் படிக்கவில்லை என்று நிம்மதிப்பட்டேனே, அந்த அம்மாளுக்கு அதைப் படிக்கக் கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை. எனக்கு முன்னால் எத்தனை பேர் அந்தப் பாயில் உட்கார்ந்து வேண்டாம் என்று தலையாட்டியிருப்பார்களோ.

"எனக்கு உங்க குடத்துத் தண்ணியே குடுங்கம்மா" என்றேன். மறைக்காமல் சொல்கிறேன், சொம்பு உதட்டில் படும்போது நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொண்டது. முருகனை நினைத்துக்கொண்டு குடித்தேன். சில்லென்று இருந்தது. அவ்வளவுதான். இன்னொரு சொம்பு கேட்டேன். "போதும் கண்ணு, இறங்கறப்ப வளைவு இருக்குது, வாந்தி வந்துரும்" என்று அக்கா சிரித்தார். அவர் அம்மாவும் சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கியது.

இப்போது என் போனிலேயே பத்துக் குழு இருக்கிறது. அந்த ஆளுங்க இப்படி, இந்த ஆளுங்க அப்படி என்று விடிந்ததிலிருந்து வருகிறது. எழுதுகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் நினைப்பதில்லை. எதிரே உட்கார்ந்து படித்துக் காட்ட அவர்களுக்கு ஆள் இல்லை, எனக்கு இருந்தார். எப்பேர்ப்பட்ட பாவத்திலிருந்து தப்பினேன் என்று விளக்கு ஏற்றும்போது நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு மலையிலிருந்து இறங்கிய அடுத்த வெள்ளிக்கிழமை, அக்காவின் கம்ப்யூட்டரில் அந்தப் பதிலை நானே அடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்க ஒரு மணி நேரம் ஆனது. இதுதான் நான் அனுப்பியது:

"ஐயா, பயப்படாமல் வாருங்கள். வளைவில் ஏறும்போது குழந்தைகளுக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் எடுத்து வாருங்கள். தண்ணீர் சுமந்துகொண்டு வர வேண்டாம். மலையில் எந்த வீட்டில் கேட்டாலும் கொடுப்பார்கள். நான் குடித்தேன்."